மூன்றாம் மாடியில் ஓர் அமெரிக்கப் பள்ளிக்கூடம்

1

செப்டம்பர் நடுப்பகுதியில் ஒரு நாள் மட்டும் நான் காலையில் யன்னல் சீலையை விலக்குவதில்லை. அன்றைக்கு எங்கள் தெருவால் சின்னப் பிள்ளைகள் முதன்முதலாகப் பள்ளிக்கூடம் போவார்கள். ஒவ்வொன்றின் கையிலும் அதன் அரைவாசி உயரத்துக்கு ஒரு வர்ணக் கடதாசிக் கூம்பு இருக்கும். தாயும் தகப்பனும் அதற்குள் இனிப்பும் பென்சிலும் விளையாட்டுச் சாமானும் நிரப்பிக் கட்டிக் கொடுப்பது இந்த நாட்டு வழக்கம். எங்கள் மகள் தர்சிகாவுக்கும் ஒரு காலத்தில் அப்படி ஒன்று செய்தோம். சொக்லேற்றுகளுக்கு நடுவில் இவர், என் கணவர், ஒரு விளையாட்டு ஸ்ரெதஸ்கோப் வைத்தார். ஆறு வயதுப் பிள்ளைக்கு அப்போதே உத்தியோகம் போட்டாயிற்று.

இந்த வருடமும் அந்த ஊர்வலம் போனது. யன்னலைச் சாத்திவிட்டு இதை எழுத உட்கார்ந்தேன். இரண்டு கிழமைக்கு முன்னர் குடும்ப நீதிமன்றத்தில் நடந்ததை யாரிடமும் சொல்லவில்லை. ஸ்டுட்கார்ட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் இந்தச் சிறிய பட்டினத்தில் ஒரு தமிழரிடம் சொன்னால் இங்குள்ள எல்லாத் தமிழருக்கும் சொன்ன மாதிரி. எழுதினால் நீங்கள், அங்கே ஊரில் இருப்பவர்கள், வாசித்துவிட்டு மறந்துவிடுவீர்கள்.

விசயம் இதுதான். தர்சிகா எங்களோடுதான் இருக்கிறாள். என் கையால்தான் சாப்பிடுகிறாள். ஆனால் அவள் எங்கே வசிப்பது, எங்கே படிப்பது என்று முடிவு செய்யும் உரிமை மூன்று வருடமாக எங்களிடம் இல்லை. அது யூகண்ட்அம்ட் என்று நாங்கள் சொல்லும் இளையோர் நல அலுவலகத்திடம் இருக்கிறது. பெற்ற பிள்ளையைப் பக்கத்து ஊர்க் கோயிலுக்குக் கூட்டிப் போகலாம், லண்டனுக்குக் குடிபெயர்ந்து போக முடியாது. அந்த உரிமையைத் திருப்பிக் கேட்கத்தான் நீதிமன்றம் போனோம்.

2

இந்த மாநிலத்தில் நாலாம் வகுப்பு முடியும்போது பிள்ளைகளை மூன்றாகப் பிரிப்பார்கள். கெட்டிக்காரருக்குக் கிம்நாசியம். நடுத்தரத்துக்கு ரியால்சூலே. மிச்சப் பேருக்கு ஹவுப்ட்சூலே. கிம்நாசியம் போனால் பல்கலைக்கழகத்துக்கு நேர் வழி. ஹவுப்ட்சூலே போனால் கைத்தொழில். பத்து வயதுக்குள் ஆசிரியை ஒருவர் இதைத் தீர்மானித்துக் கடதாசியில் தந்துவிடுவார். நான் யாழ்ப்பாணத்தில் உயர்தரம் கணிதப் பிரிவில் படித்தவள். மூன்று தரம் சோதனை எழுதிப் பல்கலைக்கழகத்துக்குப் போனவர்களை எனக்குத் தெரியும். மனிதர் விழுந்து எழும்பத்தான் சோதனை என்று நினைத்திருந்தேன். இங்கே பத்து வயதோடு விழுந்தது விழுந்ததுதான்.

தர்சிகாவின் ஆசிரியை நல்லவர். அதுதான் எனக்கு இன்னும் எரிச்சல். கைகொடுத்து, கோப்பி வேண்டுமா என்று கேட்டு, மிகவும் அன்பாகச் சொன்னார்.

"தர்சிகா அருமையான பிள்ளை. கணக்கு நன்றாக வருகிறது. ஆனால் வீட்டில் ஜேர்மன் மொழியில் உதவி செய்ய யாரும் இல்லை அல்லவா? கிம்நாசியத்தில் கஷ்டப்படுவாள். ஹவுப்ட்சூலேயில் சந்தோசமாக இருப்பாள்."

பிள்ளையில் குறையில்லையாம். குறை எங்களில்தானாம். எங்கள் குறைக்குப் பிள்ளையைக் கீழே இறக்குகிறார்களாம். இவ்வளவையும் எனக்குத் தமிழில் சொன்னது தர்சிகாதான். தன் தலையெழுத்தைத் தானே மொழிபெயர்த்துவிட்டு, கோப்பியோடு வந்த பிஸ்கட்டை எடுத்துக் கடித்தாள்.

சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் தாய்மார் என்னைச் சுற்றிக்கொண்டார்கள். "உங்கட மகளுக்கு என்ன கிடைச்சது?" என்று கேட்டவளின் மகனுக்குக் கிம்நாசியம் கிடைத்திருந்தது. இல்லாவிட்டால் கேட்டிருக்கமாட்டாள். "இன்னும் வரேல்ல" என்றேன். அடுத்த கிழமையும் வரவில்லை என்றேன். அதற்குப் பிறகு நாங்கள் தமிழ்ப் பள்ளிக்கூடம் போகவில்லை.

3

இவருடைய அக்கா, எனக்கு மச்சாள், ரொறன்ரோவில் இருக்கிறார். தன் பிள்ளைகள் இரண்டையும் பள்ளிக்கூடம் அனுப்பாமல் வீட்டில் வைத்துப் படிப்பிக்கிறவர். நான் தொலைபேசியில் அழுததும் அவருக்கு வந்ததே ஒரு வேகம்.

"ஏன் நீர் அழுறீர்? வெள்ளைக்காரி பிள்ளைக்கு விலை போட்டால் நாங்கள் அந்த விலைக்குக் குடுக்கோணுமே? அமெரிக்காவில, வீட்டில படிக்கிற பிள்ளையளைத் தன்ர பேருக்குக் கீழ பதியிற குடைப் பள்ளிக்கூடம் ஒண்டு இருக்கு. என்ர ரெண்டையும் அதிலதான் பதிஞ்சிருக்கிறன். கட்டடமும் இல்லை, வாத்தியும் இல்லை. நீர்தான் வாத்தி. அவையள் புத்தகம் அனுப்புவினம், சோதினைத் தாள் அனுப்புவினம், கடைசியில சேட்டிபிக்கற் குடுப்பினம். தம்பியிட்ட போனைக் குடும்."

தம்பி போனை வாங்கினார். அன்றைக்கே முடிவாயிற்று. பிள்ளை ஆங்கிலத்தில் படிக்கும். எங்களுக்கு ஜேர்மன் கடவுச்சீட்டு வந்ததும் விசா இல்லாமலே லண்டனுக்குப் போய்விடலாம். அந்த நாட்களில் கடவுச்சீட்டுக் கைக்கு வந்த தமிழர் பாதிப்பேர் அந்தத் திட்டத்தோடுதான் இருந்தார்கள். ஜேர்மனியில் சம்பாதித்து, லண்டனில் டொக்டராக்குவது.

பதிவுப் பத்திரம் வந்தது. தடித்த கடதாசி, தங்க நிறத்தில் முத்திரை, கீழே நீட்டிய கையெழுத்து. இவர் அதைச் சட்டம் போட்டுச் சாமிப்படத்துக்குப் பக்கத்தில் மாட்டினார். "அமெரிக்காவில பதிஞ்சாச்சு. கடுதாசி இருக்கு, சீல் இருக்கு. இனி ஆர் கேக்கிறது?" என்றார். சீல் அடித்த கடதாசிக்கு முன்னால் எங்கள் ஆட்கள் கைகட்டி நிற்பார்கள். உலகம் முழுவதும் அப்படி நிற்கும் என்றும் நம்புவார்கள். ஜேர்மன்காரரும் சீலை மதிப்பவர்கள்தான். ஆனால் தங்கள் சீலை மட்டும்.

இவர் நேரே பள்ளிக்கூடம் போய், மகள் இனி அமெரிக்கப் பள்ளிக்கூடத்தில் படிக்கிறாள் என்று சொல்லிவிட்டு வந்தார். அலுவலகத்தில் இருந்த பெண் வாழ்த்துச் சொன்னாராம். ஸ்டுட்கார்ட்டைச் சுற்றி அமெரிக்க இராணுவத்தின் பள்ளிக்கூடங்கள் உண்டு. எங்களுக்கு அங்கே யாரையோ தெரியும் என்று அவர் நினைத்திருக்கவேண்டும். அந்த ஒரு நினைப்பால் எங்களை ஏழு மாதம் ஒருவரும் தேடவில்லை. பிள்ளையை வீட்டில் வைத்துப் படிப்பிப்பது இந்த நாட்டில் சட்டப்படி குற்றம் என்பது எங்களுக்குத் தெரியாது. படிப்பிப்பது ஒரு குற்றமாக இருக்க முடியும் என்று எந்த யாழ்ப்பாணத்தான் நினைப்பான்?

4

அந்த ஏழு மாதங்களையும் பற்றிக் கொஞ்சம் சொல்லவேண்டும்.

நான் இந்த நாட்டுக்கு வந்த நாள் முதல் துடைக்கிறவள். பின்னேரங்களில் ஒரு கிளினிக்கின் தரையையும் கழிவறையையும் துடைப்பது என் வேலை. அந்த ஏழு மாதமும் காலையில் நான் ரீச்சர். விடிய எழும்பித் தோய்ந்து, சேலை கட்டாவிட்டாலும் பொட்டு வைத்து, எட்டு மணிக்குச் சாப்பாட்டு மேசையில் தயாராக இருப்பேன். பின்னத்தைத் தோசையை வெட்டிப் படிப்பித்தேன். கேத்திர கணிதம் இரத்தத்தில் ஊறினது, மறக்கவில்லை. ஆங்கிலம் தட்டுத் தடுமாறி வந்தது. இவர் கார் உதிரிப்பாகத் தொழிற்சாலையில் இரவு வேலை முடித்து வந்து, படுக்க முன்னர் கதவடியில் நின்று பார்ப்பார். என்னை அப்படி மரியாதையோடு அவர் பார்த்தது அந்தக் காலத்தில்தான். நான் இந்த நாட்டில் சந்தோசமாக இருந்த நாட்கள் அவைதான். இதை வெட்கப்படாமல் எழுதுகிறேன்.

புத்தகங்கள்தான் வேறு மாதிரி. அந்தக் குடைப் பள்ளிக்கூடம் ஏதோ ஒரு கிறிஸ்தவ சபையைச் சேர்ந்ததாம், மச்சாள் அதைச் சொல்லவில்லை. கணக்குப் புத்தகத்தில்கூட அதிகாரத்துக்கு ஒரு வேத வசனம். விஞ்ஞானப் புத்தகத்தில் உலகம் ஆறு நாளில் படைக்கப்பட்டது. நெற்றியில் திருநீற்றோடு இருந்த பிள்ளை கேட்டது.

"அம்மா, ஆறு நாளா, கோடிக்கணக்கான வருசமா?"

"சோதினைக்கு ஆறு நாள் எண்டு எழுது. மிச்சத்தைப் பிறகு பாப்பம்."

பள்ளிக்கூடம் என்றால் கட்டடம் என்று எனக்குத் தோன்றியதே இல்லை. நான் படித்த காலத்தில் எங்கள் பள்ளிக்கூடத்தில் ஆமி இருந்தான். ஆமி போனதும் அகதிகள் வந்தார்கள். நாங்கள் கிடுகு வேய்ந்த ரியூசன் கொட்டிலில் உயர்தரம் படித்தோம். ஒரு கொட்டிலில் பௌதிகம், தட்டிக்கு அந்தப் பக்கம் இரசாயனம். ஹெலி சுற்றினால் வாங்குக்குக் கீழே புகுந்து, அது போனதும் எழும்பி விட்ட இடத்திலிருந்து எழுதினோம். அங்கே எங்களுக்கு யாரும் பள்ளிக்கூடம் தரவில்லை, ஆனால் படிக்காதே என்று யாரும் பொலிஸ் அனுப்பவுமில்லை.

அந்தக் கொட்டிலில் பழகின ஒரு பழக்கம் என்னோடு வந்துவிட்டது. பாடத்தை வாய்விட்டுப் படிக்கவேண்டும். மனதுக்குள் படிக்கிறவன் நித்திரை கொள்கிறவன் என்பார் எங்கள் மாஸ்ரர். ஊரில் எந்த வீட்டிலும் பிள்ளை படிக்கிறதா என்று தாய் அடுப்படியில் நின்றபடி காதால்தான் பார்ப்பாள். நானும் சமையலறையில் பருப்பை வேகவிட்டுக்கொண்டு, "சத்தம் வரேல்ல, பிள்ளை" என்று குரல் கொடுப்பேன். தர்சிகா இன்னும் சத்தமாகப் படிப்பாள். இங்கே இரகசியமாக வீட்டில் படிப்பிக்கும் ஜேர்மன் குடும்பங்கள் இருக்கின்றன என்று பிறகு அறிந்தேன். மத்தியானம் வரை பிள்ளைகளை யன்னல் பக்கம் விடமாட்டார்களாம். நாங்கள் ஊருக்கே கேட்கப் படிப்பித்தோம்.

5

எங்கள் மூன்றாம் மாடிக்குக் கீழ் மாடியில் பிராவ் கெல்லர் என்ற வயதான பெண் தனியாக இருந்தார். ஒரு காலை கதவைத் தட்டினார். கையில் அப்பிள் கேக்.

"மகளுக்குச் சுகமில்லையா? கனகாலமாகப் பகலில் குரல் கேட்கிறது. அழுகிறாளோ என்று பயந்தேன்."

அழவில்லை, படிக்கிறாள் என்றேன். நம்பவில்லை. என் அரைகுறை ஜேர்மன் போதாதென்று உள்ளே கூட்டிவந்து, சுவரில் இருந்த பத்திரத்தைக் காட்டினேன். அமெரிக்கா, பள்ளிக்கூடம், நான் ரீச்சர் என்றேன். தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தேன். பிராவ் கெல்லர் முத்திரையைக் கண்ணாடி போட்டுப் பார்த்தார். பிறகு தர்சிகாவைப் பார்த்துக் கேட்டார்.

"உனக்குச் சிநேகிதிகள் இருக்கிறார்களா?"

தர்சிகா என்னைப் பார்த்தாள். "அம்மா இருக்கிறா" என்று ஜேர்மனில் சொன்னாள். எனக்கு அது பெருமையாக இருந்தது. பிராவ் கெல்லர் தேத்தண்ணியைத் தொடாமல் எழும்பிப் போனார்.

அவர்தான் பள்ளி அலுவலகத்துக்கு அறிவித்தார். மறைக்கவுமில்லை. படியில் என்னைக் கண்டபோது, பிள்ளையின் நன்மைக்காகச் செய்தேன் என்று கைபிடித்துச் சொன்னார். இந்த நாட்டில் எங்களுக்கு நடந்த கெட்டது எல்லாம் யாரோ ஒருவர் கைபிடித்து அன்பாகச் செய்ததுதான். ஏசியிருந்தால் நானும் இரண்டு வார்த்தை ஏசி ஆறியிருப்பேன்.

அதற்குப் பிறகு ஒன்றுக்குப் பின் ஒன்று. பள்ளி அலுவலகத்தின் கடிதம், தண்டம், இன்னொரு கடிதம், டெர்மின் என்று இவர்கள் சொல்லும் சந்திப்பு, அதற்கு மேல் ஒரு டெர்மின். இவர் ஒவ்வொரு மேசைக்கும் அந்தத் தங்க முத்திரைப் பத்திரத்தைச் சட்டத்தோடு கழற்றிக் கொண்டுபோனார். மச்சாள் அனுப்பிய இரண்டாவது பத்திரத்தையும் கொண்டுபோனார். ஒரு அதிகாரி அதைக் கையில் வாங்கவே இல்லை. இவர் விட்டுக்கொடுக்கவில்லை. மச்சாளும் தொலைபேசியில் விடவில்லை. "பயப்பிடாதை தம்பி, எதிர்த்து நில்" என்று கடல் தாண்டி இருந்து வீரம் பேசினார். வழக்கு என்று வந்ததும் அவருடைய தொலைபேசி எடுபடவில்லை.

கோடை விடுமுறை முடிந்ததும் ஒரு காலை, பிள்ளையைப் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிப் போகப் பொலிஸ் வந்தது. ஒரு ஆண், ஒரு பெண். இவர் கதவை மறித்துக்கொண்டு நின்று கத்தினார். நான் சமையலறையை விட்டு வெளியே வரவில்லை. தர்சிகா தன் அறையிலிருந்து வந்தாள். தலை இழுத்துக் கட்டியிருந்தாள், சப்பாத்துப் போட்டிருந்தாள். அவளை நான் இன்னும் எழுப்பியிருக்கவில்லை. "போயிட்டு வாறன் அம்மா" என்றாள். பொலிஸ்காரி அவளுடைய பையைத் தூக்கிக்கொண்டாள். படியில் அவர்களுக்கு முன்னால் தர்சிகாதான் இறங்கிப் போனாள்.

பயத்தில் தயாராகிவிட்டது பிள்ளை என்று நான் அன்று அழுதேன்.

6

நீதிமன்றம் பிள்ளையை எங்களிடமே விட்டது, உரிமையை மட்டும் எடுத்தது. இளையோர் நல அலுவலகத்திலிருந்து ஒரு பெண் மாதத்துக்கு ஒருமுறை வந்து போனாள். குளிர்சாதனப் பெட்டியைத் திறந்து பார்ப்பாள் என்று எதிர்பார்த்தேன். அவள் தர்சிகாவோடு அறைக்குள் இருந்து சிரித்துக் கதைத்துவிட்டுப் போவாள். அது இன்னும் மோசம்.

தர்சிகா ஹவுப்ட்சூலேயில் படித்தாள். துருக்கிப் பிள்ளைகள், கொசோவோப் பிள்ளைகள், இரண்டு மூன்று ஜேர்மன் பிள்ளைகள். அவளுக்கு எலிஃப் என்று ஒரு சிநேகிதி. எந்நேரமும் எலிஃப். கைப்பந்துக் குழுவில் சேர்ந்தாள். படிக்கும்போது வாய் அசையாது, காதில் பாட்டு. "சத்தம் வரேல்ல" என்று நான் சொன்னால், "அம்மா, இஞ்ச ஒருத்தரும் அப்பிடிப் படிக்கிறேல்ல" என்பாள். சோறு குறைந்தது, பாண் கூடியது. என்னோடு தமிழில்தான் கதைப்பாள், ஆனால் சிரிப்பு வரும் கதையெல்லாம் ஜேர்மனில்தான் தொடங்கும். நான் விளங்கிச் சிரிப்பதற்குள் அவள் அடுத்த அறைக்குப் போயிருப்பாள்.

பல்வைத்தியரிடம் உதவியாளராகப் பயிற்சி எடுக்கப்போகிறேன் என்று ஒருநாள் சொன்னாள். அதுவும் வைத்தியந்தானே என்று இவருக்கு ஆறுதல் சொல்லப் பார்த்தேன். அவர் சாப்பாட்டுக் கோப்பையைத் தள்ளிவிட்டு எழும்பினார்.

கடவுச்சீட்டு வந்தது. இவர் மறுநாளே லண்டனில் வீடு விசாரித்தார். அங்கே பதினாலு வயதுக்குப் பிறகும் பிள்ளை மேலே வரலாம், யாரும் வெட்டிப் பிரிப்பதில்லை என்றார். எனக்கும் அதே எண்ணந்தான். எல்லாம் திரும்பத் தொடங்கலாம். ஒரே ஒரு தடை, அந்த உரிமை. அது கைக்கு வந்தால் அடுத்த மாதமே போய்விடலாம்.

7

இரண்டு கிழமைக்கு முன்னர், ஒரு திங்கட்கிழமை, நாங்கள் மூவரும் ஒன்றாக ரயிலில் போனோம். தர்சிகா எனக்கும் சேர்த்துப் பயணச்சீட்டு எடுத்தாள். நீதிபதி முதலில் அவளைத் தனியாகத் தன் அறைக்குக் கூப்பிட்டுக் கதைத்தார். வெளியே வாங்கில் இருந்தபோது இவர், "அவள் எங்களோடதான் நிற்பாள். மூண்டு வருசமா ஒரு குறை வைச்சனாங்களே?" என்றார். உண்மைதான், ஒரு குறையும் வைக்கவில்லை.

உள்ளே மொழிபெயர்க்க ஒரு பெண் இருந்தாள். இங்கேயே வளர்ந்த யாழ்ப்பாணப் பிள்ளை, இருபத்தைந்து வயதிருக்கும். இவர் எழும்பி நின்று சொன்னார். நாங்கள் சட்டத்தை மதிக்கிறோம், பிள்ளை மூன்று வருடமாக ஒழுங்காகப் பள்ளிக்கூடம் போகிறாள், லண்டனில் நல்ல பள்ளிக்கூடம் பார்த்துவிட்டோம், உண்மையான பள்ளிக்கூடம், கட்டடம் உள்ளது. அந்தப் பெண் அதை அழகாக மொழிபெயர்த்தாள். அலுவலகத்துப் பெண்ணும் எங்களுக்குச் சாதகமாகத்தான் சொன்னாள். நீதிபதி தலையாட்டினார். முடிந்தது, பிள்ளை எங்களுடையது என்று நினைத்தேன்.

"உங்கள் மகள் ஒன்று கேட்டிருக்கிறாள். அதை அவளே உங்களுக்குச் சொல்ல விரும்புகிறாள்" என்றார் நீதிபதி.

தர்சிகா எழும்பி ஜேர்மனில் சொன்னாள். எனக்கு விளங்கியது. விளங்காத மாதிரி மொழிபெயர்ப்பாளரைப் பார்த்தேன். அந்தப் பெண் வாயைத் திறக்க, தர்சிகா மறித்தாள். "வேண்டாம் அக்கா. நான் சொல்லுறன்."

எங்கள் பக்கம் திரும்பினாள். "அம்மா, அப்பா, நான் உங்களை விட்டுட்டு எங்கயும் போகேல்ல. வீட்டிலதான் இருப்பன். ஆனா அந்த உரிமை அவையிட்டயே இருக்கட்டும். எனக்குப் பதினெட்டு வரும்வரைக்கும்."

இவர் கதிரையில் இருந்துவிட்டார். "ஏன் பிள்ளை?" என்று கேட்டது நான்தான்.

"உங்களிட்டக் குடுத்தா அப்பா என்னைத் திரும்ப எடுத்துப் போடுவார். முந்தி பள்ளிக்கூடத்தில இருந்து எடுத்தவர். இப்ப எலிஃபிட்ட இருந்து, எல்லாத்திலயும் இருந்து. அது நல்லதுக்கு எண்டு எனக்குத் தெரியும். ஆனா எனக்கு இன்னொருக்கா அப்பிடித் தனிய இருக்க ஏலாது, அம்மா."

தனிய என்றாள். அந்தக் காலைகள், தோசை, மேசை, நான் வைத்த பொட்டு எல்லாம் ஒன்றாக நினைவுக்கு வந்தன. நீதிமன்றம் என்பதை மறந்து கேட்டுவிட்டேன்.

"தனியவோ? நான் முழு நேரமும் உன்னோடதானே இருந்தனான்?"

தர்சிகா அழவில்லை. என்னைப் பார்த்து மெதுவாக, பாவம் பார்க்கிறவள் மாதிரிச் சொன்னாள்.

"ஓம் அம்மா. நீங்கள் மட்டுந்தான் இருந்தனீங்கள்."

என்ன பேசினோம் என்று நீதிபதி கேட்டார். அந்தப் பெண் இரண்டு வசனத்தில் சொல்லி முடித்தாள். பிள்ளை கேட்டபடியே தீர்ப்பானது. விருப்பமில்லாவிட்டால் நாங்கள் ஒரு மாதத்துக்குள் மேன்முறையீடு செய்யலாம் என்றும் நீதிபதி சொன்னார். யாருக்கு எதிராக என்று நான் கேட்கவில்லை.